தாதியக்கா பதில்கள்: ‘தி ஐலண்ட்’ பார்த்தவர்கள் எழுதிய கடிதங்கள்

ஜூன் விடுமுறையில் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்து, பார்த்த பிறகு பேசவும் ஏற்ற படம் ஒன்று சொல்லுங்கள் என்று புக்கிட் பாத்தோக் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். 2005இல் வந்த ‘தி ஐலண்ட்’ என்ற ஆங்கிலப் படத்தைச் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு பாருங்கள் என்றும் சொல்லியிருந்தேன். பதிலுக்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சர்க்கரை, முட்டிவலி, மாத்திரைக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். இந்த மாதம் முழுக்க இந்தப் படம்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகம் நஞ்சாகிவிட்டது, பிழைத்தவர்கள் நீங்கள்தான் என்று சொல்லி ஒரு பெருங்கூட்டத்தை நிலத்தடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் வெள்ளை உடை, அளந்த சாப்பாடு. குலுக்கலில் பெயர் வந்தால் நஞ்சு தீண்டாத ஒரு தீவுக்குப் போகலாம் என்பது அவர்களுடைய ஒரே ஆசை. அப்படித் தீவு எதுவும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வெளியே வாழும் பணக்காரர்களின் நகல்கள். நகல் ஒன்றுக்கு 5 மில்லியன் டாலர். பணம் கட்டியவருக்குக் கல்லீரலோ இதயமோ தேவைப்படும் நாளில், நகலுக்குக் குலுக்கலில் பெயர் வரும்.

*

முதல் முக்கால் மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் கார், ஹெலிகாப்டர், துப்பாக்கி. என் கணவர் தூங்கிவிட்டார். இதையா பேச ஏற்ற படம் என்று சொன்னீர்கள்?
— தெம்பனிஸ் வாசகி

பின்பாதியைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். இயக்குநர் மைக்கேல் பே துரத்தல் காட்சிகளுக்குப் பேர்போனவர். நெடுஞ்சாலையில் இரும்புச் சக்கரங்கள் உருண்டு வந்து கார்களை நொறுக்கும் இடத்தில் நானும் எழுந்துபோய்க் கோப்பி போட்டேன். நான் அந்தப் படத்தைச் சொன்னது முன்பாதிக்காக. அதிலும் ஒரு காட்சிக்காக.

மைக்கேல் கிளார்க் டங்கன் நடித்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் வருவார், நினைவிருக்கிறதா? குலுக்கலில் பெயர் வந்தது என்று சந்தோஷமாகப் போகிறவர், அறுவை மேசையில் பாதியில் விழித்துக்கொள்கிறார். எழுந்து ஓடுகிறார். இழுத்துப் பிடிக்கிறார்கள். உயிருக்குக் கெஞ்சுகிறார்.

நான் முப்பத்தோரு ஆண்டு தாதியாக வேலை பார்த்தேன். அதில் முதல் நான்கு ஆண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் கண்விழிக்கும் அறையில். மயக்கம் தெளிந்து வருகிறவரிடம் முதலில் செய்ய வேண்டியது பெயர் சொல்லிக் கூப்பிடுவது. “அண்ணே, கண்ணத் திறங்க, எல்லாம் முடிஞ்சிருச்சு.” சீன ஆண்ட்டியாக இருந்தால் அவருடைய மொழியில், மலாய் மக்சிக்காக இருந்தால் மலாயில். என்னைப் பயிற்றுவித்த மூத்த தாதி அதில் விடாப்பிடியாக இருந்தார். படத்தின் அந்த அறையில் பச்சை உடுப்போடு இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. கணவரை எழுப்பி அந்த ஒரு காட்சியை மட்டும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

*

நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். படத்தில் வருவது போல் மனிதரை நகலாக்க முடியுமா? சிங்கப்பூரில் யாராவது முயற்சி செய்கிறார்களா?
— ஈசூன் மாணவர்

முதலில் செம்மறியாட்டில் தொடங்குவோம், தம்பி. டோலி 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் பிறந்தது. ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து ஓர் உயிரணுவை எடுத்தார்கள். இன்னோர் ஆட்டின் முட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, இந்த உயிரணுவை அதோடு மின்னதிர்வு கொடுத்து இணைத்தார்கள். வளர்ந்த கருவை மூன்றாவது ஆட்டின் கருப்பையில் வைத்தார்கள். அப்படி இணைத்த முட்டைகள் 277. கருவாக வளர்ந்தவை 29. உயிரோடு பிறந்தது டோலி மட்டும்.

நீங்கள் தேர்வுக்கு இந்த எண்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். ஆட்டின் இடத்தில் பெண்களை வைத்துப் பாருங்கள். அத்தனை முட்டைகளை யார் கொடுப்பது? ஊசி போட்டுக்கொண்டு, வலியோடு வந்து படுக்கப் போவது யார்? கலைந்துபோகும் கருக்களைச் சுமக்கப் போவது யார்? படத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே நகல்கள் பைக்குள் முழு ஆளாக வளர்கிறார்கள், முட்டை தந்தவளும் சுமந்தவளும் கண்ணிலேயே படுவதில்லை. அப்படிப்பட்ட பை எதுவும் உலகில் கிடையாது. நகல் குழந்தையும் பத்து மாதம் கருப்பையில் இருந்துதான் பிறக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கவலை என்று நினைக்காதீர்கள். தென்கொரியாவில் ஹுவாங் வூ சுக் என்ற அறிவியலாளர் மனிதக் கருவை நகலாக்கி அதிலிருந்து குருத்தணுக்கள் (உடம்பின் எந்த அணுவாகவும் மாறக்கூடியவை) எடுத்ததாக 2004லும் 2005லும் கட்டுரைகள் வெளியிட்டார். உலகமே கொண்டாடியது. அப்புறம் அது மோசடி என்று தெரிந்து, 2006 ஜனவரியில் அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளம் பெண்களே முட்டை கொடுத்திருந்தார்கள் என்பதும் அதில் வெளிவந்தது. மேலதிகாரிக்கு வேண்டும் என்றால் கீழே இருப்பவள் எப்படி மாட்டேன் என்று சொல்வாள்? என்னை அதிகம் வருத்தியது அந்தச் செய்திதான்.

இனி சிங்கப்பூர். நாம் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்லர். இலங்கையில் பிறந்து இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் அரிஃப் போங்சோ, குருத்தணுக்கள் கிடைக்கும் இடமான மனிதக் கருவின் உள்ளணுக்களைப் பிரித்து வளர்த்ததை 1994இலேயே வெளியிட்டார். டோலியை உருவாக்கிய குழுவில் இருந்த ஆலன் கோல்மன் 2002இல் இங்கே வேலைக்கு வந்தார். புவன விஸ்தா பக்கம் பயோபோலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகம் 2003இல் திறக்கப்பட்டது. ஆனால் கதவைத் திறந்தபோதே வேலியும் போட்டார்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகலாக்கிய மனிதக் கருவை ஒரு உடம்புக்குள் வைப்பது குற்றம். பத்தாண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கருத்தரிப்பு இல்லாமல் உருவாக்கிய கருவை ஆய்வுக்கூடத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கவும் கூடாது.

முடியுமா என்று கேட்டீர்கள். குரங்கில் முடிந்திருக்கிறது. ஷாங்காயில் பிறந்த இரண்டு குட்டிகளைப் பற்றி 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். மனிதரில் செய்துவிட்டோம் என்று 2002 கடைசியில் ஒரு கூட்டம் சொன்னது, இன்றுவரை எந்த ஆதாரமும் காட்டவில்லை.

இன்னொன்று. நகலுக்கு மூலவரின் நினைவுகள் கனவில் வருவதாகப் படத்தில் காட்டுகிறார்கள். நினைவு மரபணுவில் போவதில்லை. அந்த இடத்தைக் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள், தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

*

எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரட்டைப் பெண்கள், வயது பதினைந்து. படம் பார்த்ததிலிருந்து ஒரே சண்டை. “நான் நாலு நிமிஷம் மூத்தவ, நான்தான் அசல், நீ நகல்” என்று பெரியவள் சொல்ல, சின்னவள் உண்மையாகவே அழுதுவிட்டாள். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?
— பொங்கோல் வாசகி

சின்னவளை முதலில் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். அவள் அழுததில் அர்த்தம் இருக்கிறது.

பெரியவளிடம் இதைச் சொல்லுங்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்துதான் நீங்கள் வந்தீர்கள். பிரிவதற்கு முன்னால் இருந்தது நீயும் இல்லை, அவளும் இல்லை. அப்படியிருக்க யார் அசல்? நாலு நிமிடம் என்பது கதவுக்கு யார் முதலில் வந்தார் என்ற கணக்கு மட்டும். இரண்டு பேர் விரல் ரேகையையும் மையில் தொட்டுத் தாளில் வைக்கச் சொல்லுங்கள். வேறுவேறாக இருக்கும்.

பூனை பிடிக்குமா அவர்களுக்கு? 2001 டிசம்பரில் டெக்சஸில் முதல் நகல் பூனை பிறந்தது. மூலப் பூனைக்கு மூன்று நிறம். குட்டிக்கு ஆரஞ்சு நிறமே இல்லை! அந்த நிறத்துக்கான மரபணு இருக்கும் எக்ஸ் குரோமோசோம் ஒவ்வோர் அணுவிலும் இயங்குமா அடங்குமா என்பது கருவிலேயே முடிவாகிவிடும். மரபணு ஒன்றே ஆனாலும் பார்த்தால் வேறு பூனை.

அவர்களுக்கு இன்னொரு கதையும் சொல்லுங்கள், இது நடந்தது. 1954 டிசம்பர் 23, பாஸ்டன் நகரம். ரிச்சர்ட் ஹெரிக் என்பவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. ஒரே மாதிரி இரட்டைச் சகோதரர் ரொனால்டு தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். முதன்முதலில் வெற்றியாக முடிந்த சிறுநீரக மாற்று அதுதான். இரட்டையர் என்பதால் ரிச்சர்டின் உடம்பு அதை அந்நியமாக நினைக்கவில்லை. முந்தின இரவு, வேண்டாம், நீ வீட்டுக்குப் போய்விடு என்று ரிச்சர்ட் ஒரு சீட்டு எழுதி அனுப்பினாராம். போக மாட்டேன் என்று ரொனால்டு பதில் எழுதி அனுப்பினார். ரிச்சர்ட் அதன்பிறகு எட்டு ஆண்டு வாழ்ந்தார். அறுவை செய்த ஜோசப் மர்ரேக்கு 1990இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த இரண்டு சீட்டையும் உங்கள் பெண்கள் கொஞ்ச நேரம் யோசிக்கட்டும்.

*

என் அப்பா ஆறு ஆண்டாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். படம் முடிந்ததும் மனைவி “எவ்வளவு கொடுமை” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியொரு நிறுவனம் இங்கே இருந்தால், வீட்டை விற்றாவது பணம் கட்டியிருப்பேனோ என்று தோன்றியது. அன்று இரவு தூக்கமே இல்லை. நான் கெட்டவனா, அக்கா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

இல்லை, தம்பி. உங்கள் கடிதத்தை நான் நாலைந்து முறை படித்தேன். இதற்குப் பதில் எழுத இரண்டு வாரம் ஆனது.

என் கணவருக்கு 2003இல் டயாலிசிஸ் தொடங்கியது. சர்க்கரை நோய்தான் காரணம், இங்கே பெரும்பாலோருக்கு அதுதான். அவர் பேருந்து ஓட்டுநர். நானோ அந்த நேரத்தில் டயாலிசிஸ் தாதி. ஒரு நாளில் பத்துப் பேருக்கு ஊசி ஏற்றுவேன், அவருக்கு ஏற்ற மட்டும் கை வராது. வேறு நிலையத்தில்தான் போட்டுக்கொண்டார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ராத்திரி அவர் தூங்கிய பிறகு இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி ஏற்ற ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பூனை உறுமுவது போல உள்ளே ஓர் அதிர்வு இருக்கும். அது இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, நட்சத்திரப் பழம் அறவே கூடாது. நாக்கை நனைக்க அவர் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், யார் என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். உங்களுக்குத் தோன்றியதும் அதுதான். அது அப்பாமேல் உள்ள பாசம்.

இந்தப் படத்தை நாங்கள் முதல் முறை 2005இல் திரையரங்கில் பார்த்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. அப்போது எங்கள் மகனுக்கு இருபத்து நாலு வயது. அதற்கு முந்தின மாதம்தான், அப்பாவுக்கு என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். ரத்தப் பரிசோதனை எல்லாம் பொருந்திவிட்டது. அறுவை மேசையிலிருந்து அந்தப் பெரிய மனிதர் எழுந்து ஓடும் காட்சியில் என் கணவர் என் கையைப் பிடித்தார். படம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “அவன்கிட்ட வேணாம்னு சொல்லிடு. பெத்து வளத்தது இதுக்கா?”

இரண்டு ஆண்டு நான் அவரோடு வாதாடினேன். மகனும் வாதாடினான். அவர் அசையவில்லை.

அவர் செய்தது தவறு என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். படத்தில் அந்த மனிதரிடம் யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லிப் படுக்க வைத்தார்கள். எங்கள் மகன் தானாக வந்து கொடுக்கிறேன் என்றான். இங்கே உயிரோடு இருப்பவர் உறுப்புத் தர வேண்டுமானால் மருத்துவமனையின் நன்னெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் பேசினார்களா, என்ன ஆபத்து என்று புரிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அவன் அந்த அறைக்குப் போகத் தயாராக இருந்தான். தட்டிப் பறிப்பதும் கொடுப்பதும் வேறுவேறு. அந்தப் படம் தட்டிப் பறிப்பதை மட்டும் காட்டியதால் அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது. படத்தின்மேல் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான்.

நோயாளியின் பக்கத்தை அந்தப் படம் நேர்மையாகக் காட்டவே இல்லை. ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்த நகல் பெண், தன் மூலப் பெண்ணின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறாள். எடுப்பது ஒரு சின்னப் பையன். அம்மா என்று நினைத்துப் பேசுகிறான். அவனுடைய உண்மையான அம்மா விபத்தில் நினைவிழந்து, உறுப்புக்காகக் காத்துக் கிடக்கிறாள். அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்? கதை அவனை அப்படியே விட்டுவிட்டு அடுத்த துரத்தலுக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அந்தப் பையன்தான் இருக்கிறான்.

பணம் கட்டியவர்களிடம் அந்த நிறுவனம் என்ன சொல்லியிருந்தது, கவனித்தீர்களா? நகல்களுக்கு நினைவே கிடையாது, வெறும் உடம்புதான் என்று. கேட்கிறவருக்கும் அதை நம்புவது வசதி. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பொய்தான் என்று நினைக்கிறேன். ஆசை தோன்றிய உடனே, அந்தப் பக்கம் படுத்திருப்பது யார் என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

தாதியாக ஒன்று சொல்கிறேன். அப்பாவுக்குப் பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் என்றால், நகலுக்கும் அதே நோய் இருக்கும். இல்லையென்றாலும், இன்று கருவாகும் நகல் சிறுநீரகம் தரும் வயதுக்கு வர இருபது ஆண்டு ஆகும். நகலாக்கம் வேறு வழியாகத்தான் நோயாளிகள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தை 2024 மார்ச்சில் பாஸ்டனில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட பன்றிகளைப் பிறக்க வைப்பது டோலியைப் பிறக்க வைத்த அதே முறையில்தான். அவர் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார். அதனால் அதை நம்பி இருக்காதீர்கள். உங்களால் கொடுக்க முடியுமா என்று அப்பாவின் மருத்துவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கேளுங்கள். அப்பா வேண்டாம் என்று சொன்னால், எனக்கு எழுதுங்கள். நானே ஜூரோங் வெஸ்ட்டுக்கு வந்து அவரிடம் பேசுகிறேன்.

*

இதே கதையில் 1979இலேயே ஒரு படம் வந்துவிட்டதாமே?
— பிடோக் வாசகர்

ஆமாம். ‘தி க்ளோனஸ் ஹாரர்’ என்ற அந்தப் படத்தை எடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. பழைய படத்தை நான் பார்த்ததில்லை, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல மாட்டேன்.

*

நகலாக்கம் ஒன்றும் புதிதில்லை. காந்தாரியின் சதைப் பிண்டத்தை நூற்றொரு குடத்தில் இட்டு வளர்த்ததை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லக் கூடாதா?
— சிராங்கூன் வாசகர்

ஐயா, அந்தக் கதையை என் பாட்டி எனக்குச் சொல்லியிருக்கிறார். நெய்க்குடம், இரண்டு ஆண்டுக் காத்திருப்பு, கடைசிக் குடத்தில் ஒரு பெண் குழந்தை எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆய்வுக்கூட வேலை அன்றே தெரிந்திருந்தது என்று பிள்ளைகளிடம் என்னால் சொல்ல முடியாது. அது கதை. ஈசூன் தம்பிக்கு எழுதியதில் 277 முட்டை இருக்கிறது, தோல்விகள் இருக்கின்றன, அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரும் இருக்கிறது. அறிவியல் என்றால் அந்தக் கணக்கையும் காட்ட வேண்டும்.

ஆனால் நீங்கள் நினைவூட்டியதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நூறு பேர் ஒரே பிண்டத்திலிருந்து வந்தும், நூறு பேருக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. துரியோதனன், துச்சாதனன், விகர்ணன் என்று போகும். தங்கைக்கு துச்சலை. சபையில் திரௌபதிக்காகப் பேசியவனும் அந்த நூற்றுவரில் ஒருவனான விகர்ணன்தான். படத்தில் நாயகன் பெயர் லிங்கன் சிக்ஸ் எக்கோ. பணம் கட்டியவரின் பெயரோடு ஒட்டிய சரக்கு எண் அது. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வேன், நீங்கள் எழுதியதால் தோன்றியது என்றும் சொல்வேன்.

*

தேசிய சேவையில் இருக்கிறேன். அடுத்த சில மாதத்தில் 21 வயது. உறுப்பு மாற்றுச் சட்டம் பற்றி சுகாதார அமைச்சிலிருந்து கடிதம் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். படம் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது. உறுப்புக்காக என்னைச் சாகவிட்டால்? நாமும் ஒரு வகையில் அந்தக் குலுக்கலில் இருக்கிறோமா? விலகிவிடலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பயந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, தம்பி. வெளியே சொல்லாமல் பயப்படுகிறவர்கள் நிறைய.

இறந்தவரின் உறுப்பை எடுத்து நோயாளிக்குப் பொருத்த வழிசெய்யும் இந்தச் சட்டம் 1987இல் வந்தது. அப்போது விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004இல் கல்லீரல், இதயம், கருவிழி சேர்ந்தன, எந்தக் காரணத்தால் இறந்தாலும் பொருந்தும் என்றும் ஆனது. 2008இல் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டார்கள். 2009இல் 60 வயது வரம்பு போனது. 21 வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் விலகுவதாக எழுதிக் கொடுக்காதவரை இதில் இருக்கிறார்கள். விலகியவருக்குப் பின்னாளில் உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் முன்னுரிமை குறையும்.

சாகவிடுவார்களா என்று கேட்டீர்கள். மூளைச் சாவை இரண்டு மருத்துவர்கள் சோதித்துச் சான்று தர வேண்டும். அவர்கள் உறுப்பு பெறப் போகிறவரைக் கவனிக்கும் மருத்துவர்களாக இருக்கக் கூடாது. அந்தச் சோதனைகள் நடக்கும் அறையில் நான் நின்றிருக்கிறேன். கண்ணில் வெளிச்சம் அடிப்பது, கருவிழியைப் பஞ்சால் தொடுவது, மூச்சுக்கருவியை நிறுத்திவிட்டுத் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பது. அவசரப்பட்டவரை நான் பார்த்ததில்லை. என்னை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேட்ட ஒரு மருத்துவருக்குக் கை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். எழுதிக் கொடுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது, கேட்டதற்குச் சமமா? மேலே ஜூரோங் வெஸ்ட் தம்பிக்கு, யாரும் கேட்கவில்லை என்று அவ்வளவு எழுதிவிட்டு இங்கே நான் நழுவக் கூடாது. அந்தக் கடிதம்தான் உங்களிடம் கேட்பது. பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால் கேட்டது உங்கள் காதில் விழாது. அதனால் அதைப் பிரித்துப் படியுங்கள். இருப்பதோ விலகுவதோ, நீங்களே முடிவு செய்யுங்கள். விலகினால் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன்.

நான் எந்தப் பக்கம் என்று மறைக்கவும் மாட்டேன். 2011இல் ஒரு விடியற்காலை, மணி ஒன்று நாற்பது, எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எட்டு ஆண்டுக்குப் பிறகு வரிசையில் என் கணவரின் முறை வந்திருந்தது. டாக்சியில் போகும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கியதும், “யாரு வீட்ல இன்னிக்கு அழுறாங்களோ” என்றார். யார் என்று சொல்ல மாட்டார்கள், இரண்டு பக்கமும் பெயர் தெரியாது. அந்தச் சிறுநீரகத்தோடு அவர் பதினோரு ஆண்டு வாழ்ந்தார். பேரனைத் தூக்கினார். தாகம் தீரத் தண்ணீர் குடித்தார். முதல் முறை முழுக் குவளையையும் குடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. 2022இல் போய்விட்டார். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் பெயர் தெரியாத அந்த ஒருவருக்காகத் தேக்காவில் பூ வாங்கி வந்து விளக்கேற்றுகிறேன்.

கடிதம் வந்ததும் அம்மாவிடம் காட்டுங்கள், தம்பி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும். சாப்பாட்டு மேசையில், டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.